போதைப்பொருள் பயன்படுத்துவோர்க்குச் சிகிச்சை: 2022 சட்டத் திருத்தம் போதுமா?

கேள்வி: தமிழாசிரியை, ரோஸ் ஹில்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதிக் கோயில் சங்கத்தின் மகளிர் குழு, மொரீசியஸின் போதைப்பொருள் சட்டம் குறித்து நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்ப முடிவு செய்திருக்கிறது. வரைவை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருப்பதால், சட்டமும் மருத்துவமும் அறிந்த அன்பர்களிடம் சிலவற்றைக் கேட்டுத் தெளிவுபெற விரும்புகிறேன்.

நான் அறிந்த அளவில் இன்றைய நிலை இது. 2000ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி, விற்பவர் மட்டுமல்லர், சொந்தப் பயன்பாட்டுக்காக வைத்திருப்பவரும் குற்றவாளியே. அவருக்கு அபராதமும் இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் விதிக்கலாம். 2022 நவம்பரில் நிறைவேறிய திருத்தம் இதில் ஒரு மாற்று வழியைத் திறந்தது. பயன்படுத்தியவர் மட்டுமே, விற்பனையில் தொடர்பில்லாதவர் என்று தெரிந்தால், அரசு வழக்குத் தொடர்வு இயக்குநர் அவரை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல், போதைப்பொருள் பயன்படுத்துவோர்க்கான நிர்வாகக் குழுவிடம் ஒப்படைக்கலாம். அக்குழு அவருக்கு ஆலோசனையும் சிகிச்சையும் மறுவாழ்வும் கிடைக்க வழிசெய்யும்.

இங்கேதான் எனக்கு ஐயம் எழுகிறது. சிகிச்சைக்குச் செல்லும் ஒருவர் முதலில் கைதாக வேண்டும், பிறகு ஓர் அதிகாரி மனமிரங்க வேண்டும் என்றால், அந்தச் சிகிச்சையை உரிமை என்று சொல்ல முடியுமா? சர்க்கரை நோயாளியோ காசநோயாளியோ மருத்துவமனைக்குப் போக எவருடைய அனுமதியையும் நாடுவதில்லை. என் வகுப்பில் படித்துச் சென்ற சில பிள்ளைகள், பதினைந்து பதினாறு வயதிலேயே செயற்கைப் போதைப்பொருள்களைப் புகைக்கத் தொடங்கியவர்கள். அவர்களுடைய தாய்மார்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். மருத்துவரிடம் அழைத்துப் போனால் காவல்துறைக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சியே அவர்கள் மாதக்கணக்கில் வாய்திறவாமல் இருந்தார்கள். அந்த அச்சத்தைச் சட்டம்தான் உண்டாக்கியது. ஆகவே அதைப் போக்க வேண்டிய கடமையும் சட்டத்துக்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

கடிதத்தில் எதைக் கேட்பது? இருக்கும் குழுவைப் பலப்படுத்தச் சொல்வதா, அல்லது சொந்தப் பயன்பாட்டைக் குற்றவியல் சட்டத்திலிருந்தே எடுத்துவிடச் சொல்வதா?

மறுமொழி: வழக்குரைஞர், போர் லூயி

அம்மா, தங்கள் கேள்விக்கு விடை சொல்லச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. நம் நாடு கடுமையான தண்டனையை முயன்று பார்க்காத நாடு அன்று. 1985 டிசம்பர் 31 அன்று, நம் நாடாளுமன்ற உறுப்பினர் நால்வர் ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் ஹெரோயின் வழக்கில் கைதானார்கள். அந்த அதிர்ச்சியைத் தொடர்ந்து சர் மோரிஸ் ரோல்ட் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. 1986இல் வந்த சட்டம், போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை விதிக்கவும் இடமளித்தது. 1992இல் அலி வழக்கில், நம் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் அந்த ஏற்பாட்டைச் செல்லாததாக்கியது. 1995இல் நம் நாடாளுமன்றம் மரண தண்டனையையே நீக்கியது. தூக்குக் கயிற்றைச் சட்டப் புத்தகத்தில் வைத்திருந்த ஆண்டுகளில்கூட ஹெரோயின் இந்தத் தீவைவிட்டுப் போகவில்லை. 1999 பிப்ரவரியில், கஞ்சாவைக் குற்றமற்றதாக்கக் கோரி ரோஸ் ஹில்லில் நடந்த நிகழ்ச்சியில் அதைப் புகைத்ததற்காகக் கைதான பாடகர் கயா காவல் அறையில் இறந்ததையும், அதன்பின் நாடே பற்றியெரிந்ததையும் நம் தலைமுறை மறந்திருக்க முடியாது. அடுத்த ஆண்டு வந்த சட்டத்திலும் பயன்படுத்துபவர் குற்றவாளியாகவே நீடித்தார்.

அலி வழக்கின் காரணம் தங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது. எந்த நீதிமன்றத்தில் வழக்கை நடத்துவது என்பதை வழக்குத் தொடர்பவரே தேர்ந்தெடுக்கலாம், அந்தத் தேர்வே குற்றவாளிக்கு மரணமா சிறையா என்பதைத் தீர்மானித்துவிடும் என்ற நிலை அப்போது இருந்தது. தண்டனையைத் தீர்மானிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துடையது, நிர்வாகத்துடையது அன்று என்று பிரிவி கவுன்சில் சொன்னது. 2022 திருத்தம் அந்தக் குற்றச்சாட்டுக்கு உள்ளாகாது. வழக்குத் தொடராமல் விடுவது அரசியலமைப்பே இயக்குநருக்குத் தந்துள்ள அதிகாரம். எனினும், ஒரே அளவு கஞ்சாவுடன் பிடிபட்ட இருவரில் ஒருவர் குழுவிடமும் மற்றவர் நீதிமன்றத்திடமும் செல்லக்கூடும் என்ற வேறுபாட்டை அது நீக்கவில்லை. சட்டம் 'அனுப்பலாம்' என்கிறது. 'அனுப்ப வேண்டும்' என்று மாற்றும்படியும், அதற்கு விலக்கு எப்போது என்பதைச் சட்டத்திலேயே எழுதும்படியும் கேளுங்கள். இது முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.

போர்த்துகலை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள்; ஆனால் பலர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 2001 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய சட்டம் போதைப்பொருளை அனுமதிக்கவில்லை. பத்து நாள் சொந்தப் பயன்பாட்டுக்கு மேற்படாத அளவை வைத்திருப்பதைக் குற்றவியல் சட்டத்திலிருந்து எடுத்து, நிர்வாக விதிமீறல் ஆக்கியது. பிடிபட்டவர் சட்டம், மருத்துவம், சமூகப்பணி ஆகிய துறையினர் அடங்கிய சிறு குழுவின் முன் செல்கிறார். நம் குழுவைப் போலத்தானே என்று தோன்றும். வேறுபாடு என்னவென்றால், அங்கே அக்குழுவிடம் அனுப்புவது ஓர் அதிகாரியின் விருப்பத்தைச் சார்ந்ததன்று. எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்ற அளவும் எழுதப்பட்டிருக்கிறது. கடத்தலுக்கு அங்கேயும் சிறைதான்.

பன்னாட்டு உடன்படிக்கைகள் நம் கையைக் கட்டிவிட்டன என்று சிலர் சொல்வார்கள். அது சரியன்று. 1972இல் திருத்தப்பட்ட 1961ஆம் ஆண்டு உடன்படிக்கையும், 1988ஆம் ஆண்டு உடன்படிக்கையும், சொந்தப் பயன்பாடு தொடர்பான குற்றங்களில் தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சை அளிப்பதை வெளிப்படையாகவே அனுமதிக்கின்றன. ஐக்கிய நாடுகள் அமைப்பின் நிறுவனங்கள் 2018இல் ஏற்ற பொது நிலைப்பாடும், சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருப்பதைக் குற்றமற்றதாக்குவது உள்ளிட்ட மாற்று வழிகளையே பரிந்துரைக்கிறது.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டுகிறேன், ஏனெனில் என் அலுவலகத்துக்கு வரும் இளைஞர்கள் சிறையைவிட இதைக் கண்டே அதிகம் கலங்குகிறார்கள். வேலைக்கு விண்ணப்பித்தால் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிறார்கள். இருபது வயதில் ஒரு சிகரெட் அளவு கஞ்சாவுக்காகப் பெற்ற தண்டனை, ஓட்டுநராகவோ பாதுகாவலராகவோ ஓட்டல் ஊழியராகவோ சேர நினைப்பவரைப் பின்தொடர்ந்து வந்து தடுக்கிறது. வேலையில்லாதவர் பழைய நண்பர்களிடமே திரும்பிப் போகிறார். சிகிச்சையை முடித்தவருக்கு அந்தப் பதிவு அழிய வேண்டும். சட்டம் மாறுவதற்கு முன் தண்டனை பெற்றவர்களுக்கும் இது பொருந்த வேண்டும்.

மறுமொழி: ஒரு தந்தை, திரியோலே

அம்மா, ஐயா, உங்கள் இருவர் எழுத்தையும் மதிப்புடன் படித்தேன். ஆனால் என்னால் உடன்பட இயலவில்லை. என் மூத்த மகன் ஹெரோயினில் சிக்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவன் தாயின் தாலிக்கொடி போயிற்று, தங்கையின் திருமணத்துக்குச் சேர்த்த பணம் போயிற்று, வீட்டில் உறக்கம் போயிற்று. அவனைக் கைது செய்து உள்ளே வைத்திருந்த மாதங்களில்தான் நாங்கள் கதவைத் திறந்து வைத்துவிட்டு உறங்கினோம். பெற்ற தகப்பன் இதை எழுதுவது எவ்வளவு கொடியது என்பதை நான் அறிவேன்.

தண்டனை இல்லை என்று அறிவித்துவிட்டால் தெருமுனையில் விற்பவன் இன்னும் துணிவான் என்றே அஞ்சுகிறேன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2021 பிப்ரவரியில் எல்லாவகைப் போதைப்பொருள்களையும் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருப்பதைக் குற்றமற்றதாக்கியது. மூன்றே ஆண்டுகளில் மனம் மாறி, 2024 செப்டம்பர் முதல் மீண்டும் குற்றமாக்கியது. அவர்களிடம் இல்லாத பணமா, மருத்துவமனையா? அவர்களாலேயே இயலாததை நாம் எப்படிச் செய்வோம்?

மறுமொழி: ஓய்வுபெற்ற செவிலியர், பூ பாசேன்

திரியோலே ஐயாவுக்கு முதலில் எழுதுகிறேன். நீங்கள் எழுதியதில் கொடுமை எதுவுமில்லை. ஹெரோயினுக்கு மாற்றாகத் தரப்படும் மெத்தடோன் மருந்தை வழங்கும் பணியில் நான் இருந்த காலத்தில், உங்களைப் போலவே சொன்ன தாய்தந்தையர் பலரைப் பார்த்திருக்கிறேன். குடும்பத்துக்கு ஓய்வு தேவை. சிறையைத் தவிர வேறெதுவும் அந்த ஓய்வைத் தராத நாட்டில் பெற்றோர் சிறையை நாடுவது இயல்பே.

ஆனால் மருத்துவ உண்மை ஒன்றை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஹெரோயின் இல்லாமல் சில மாதங்கள் இருந்த உடல், பழைய அளவைத் தாங்கும் திறனை இழந்துவிடுகிறது. விடுதலையாகி வெளியே வந்தவர் முன்பு எடுத்த அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். அளவு மீறி இறக்கும் ஆபத்து, சிறையிலிருந்து வெளிவந்த முதல் இரண்டு வாரங்களில்தான் மிக அதிகம் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. சிறைக்காலம் பழக்கத்தின் மூல காரணத்தைத் தொடுவதில்லை, உடலின் தாங்குதிறனை மட்டும் குறைத்து அனுப்புகிறது.

மெத்தடோன் என்பது ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்று நம் மக்களிடையே ஒரு பேச்சு உண்டு. ஹெரோயினின் விளைவு சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அதன்பின் உடல்வலி, வாந்தி, நடுக்கம், உறக்கமின்மை ஆகியவை தொடங்கும். அந்த வேதனைக்கு அஞ்சியே ஒருவர் ஒரு நாளில் பலமுறை ஊசியைத் தேடுகிறார், அதற்கான பணத்துக்காகத் தாலிக்கொடியைத் தேடுகிறார். மெத்தடோன் வாய்வழி குடிக்கும் மருந்து. ஒரு நாளுக்கு ஒருமுறை சரியான அளவில் கொடுத்தால் அந்த வேதனை வராது, மேலே பறக்கும் மயக்கமும் வராது. மனிதர் காலையில் மருந்தைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம். 2005இலேயே உலகச் சுகாதார நிறுவனம் மெத்தடோனையும், அதே பயனுக்கான புப்ரெனார்ஃபின் என்னும் மருந்தையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

நம் நாட்டின் சொந்த அனுபவமே போதுமான சான்று. 2005இல் புதிதாகக் கண்டறியப்பட்ட எச்ஐவி தொற்றுகளில் சுமார் 92 விழுக்காடு ஊசி வழியே போதைப்பொருள் ஏற்றியவர்களிடம் இருந்தது. ஊசியுடன் பிடிபட்டால் வழக்கு என்பதால், ஒரே ஊசியை நால்வர் ஐவர் மறைவிடத்தில் பகிர்ந்துகொண்டார்கள். 2006இன் இறுதியில் மெத்தடோன் சிகிச்சை தொடங்கியது. புதிய ஊசி கொடுத்துப் பழையதை வாங்கும் திட்டமும் தொடங்கியது. எச்ஐவி எய்ட்ஸ் சட்டம் அதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் புதிய தொற்றுகளில் ஊசி வழியாக வந்தவற்றின் பங்கு பெரிதும் குறைந்தது. தங்கள் கடிதத்தில் இதை முன்னிறுத்துங்கள், அம்மா. சட்டம் விலகி நின்று சுகாதாரத் துறைக்கு வழிவிட்டால் என்ன நடக்கும் என்பதை அறிய நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை.

அதே அனுபவத்தில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. 2015இல் கொள்கை மாறியபோது மெத்தடோன் சிகிச்சைக்குப் புதியவர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. மருந்து வழங்கும் இடங்கள் பல காவல் நிலைய வளாகங்களுக்கு மாறின. பிறகு சேர்க்கை மீண்டும் தொடங்கியது உண்மை. ஆயினும் அந்த இடைவெளியில் உதவி நாடி வந்தவர்களை நாங்கள் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. ஓர் அமைச்சரவை தந்ததை அடுத்த அமைச்சரவை எடுத்துவிட முடிந்ததற்குக் காரணம், அந்தச் சிகிச்சை ஒருபோதும் சட்டம் உறுதிசெய்த உரிமையாக இல்லாமல் வெறும் திட்டமாகவே இருந்ததுதான். மருந்து குடிக்க வருபவர் காவல் நிலைய முற்றத்தில், போவோர் வருவோர் பார்க்க வரிசையில் நிற்க வேண்டும் என்றால், பெண்கள் வரமாட்டார்கள். பெண் நோயாளிகள் மிகக் குறைவாக வருவதற்கு நான் கண்ட காரணம் இந்த வெட்கமே.

ஓரிகனைப் பற்றி: அங்கே தண்டனையை முதல் நாளே எடுத்தார்கள், சிகிச்சைக்கான பணமும் இடங்களும் மிகத் தாமதமாகவே வந்தன. 100 டாலர் அபராதச் சீட்டைக் கொடுத்து, தொலைபேசியில் அழைத்துச் சோதனைக்கு உட்பட்டால் அது தள்ளுபடி என்றார்கள். அழைத்தவர்கள் மிகச் சிலரே. போர்த்துகலில் ஒருவரை நேரில் உட்கார வைத்துப் பேச ஆள் இருந்தது. நீங்கள் அஞ்சுவது நியாயமானதே. அந்த அச்சத்துக்கான விடை, சிகிச்சையைச் சட்ட மாற்றத்துக்கு முன்பே, குறைந்தது அதனுடன் சேர்த்தே கொண்டுவருவதுதான்.

செயற்கைப் போதைப்பொருள்களைப் பற்றி ஆசிரியை எழுதியதற்கு என்னிடம் மகிழ்ச்சியான விடை இல்லை. ஹெரோயினுக்கு மெத்தடோன் இருப்பதுபோல அவற்றுக்கு மாற்று மருந்து கிடையாது. உலர்ந்த இலைகளில் இரசாயனத்தைத் தெளித்து விற்கிறார்கள். ஒரே பொட்டலத்தில் ஓரிடத்தில் குறைவாகவும் ஓரிடத்தில் மிகுதியாகவும் படிந்திருக்கும். வலிப்பு, மனக்குழப்பம், நெஞ்சுப் படபடப்பு ஆகியவற்றுடன் வருபவர்களுக்கு அந்தந்த அறிகுறிக்கேற்ற மருத்துவமும், பின்னர் நெடுநாள் உளவியல் ஆலோசனையும்தான் உண்டு. பதினைந்து வயதுப் பிள்ளைகளைப் பெரியவர்களுடன் ஒரே இடத்தில் வைத்துச் சிகிச்சை தரக்கூடாது. தனி மையங்களும், பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆலோசகர்களும் வேண்டும்.

மறுமொழி: ஒரு வாசகர், செந்தெனி நகரம், ரெயூனியன் தீவு

அண்டைத் தீவிலிருந்து சுருக்கமாக ஒன்று. இங்கே பிரெஞ்சுச் சட்டம்தான். 1970 டிசம்பர் 31ஆம் நாள் சட்டம் பயன்படுத்துவதற்கு ஓராண்டுச் சிறை விதித்தாலும், அதே சட்டம் சிகிச்சைக்குச் செல்ல ஆணையிடும் வழியையும் வைத்தது. தானாக மருத்துவரிடம் செல்பவருக்குப் பெயர் வெளியிடாத இலவசச் சிகிச்சையையும் உறுதிசெய்தது. பிந்தைய இந்த ஏற்பாடு உங்கள் கடிதத்துக்கு மிகவும் உதவும் என்று நினைக்கிறேன். கைதாகாமலே உதவி பெறும் உரிமை அதுதான். 1990களின் நடுப்பகுதியில் சாதாரணக் குடும்ப மருத்துவரே புப்ரெனார்ஃபின் எழுதிக்கொடுக்கலாம் என்று பிரான்ஸ் அனுமதித்தது. நான்கே ஆண்டுகளில், அளவு மீறி இறந்தவர் தொகை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அதே மாத்திரைகள் கடத்தப்பட்டு உங்கள் தீவில் ஊசியில் ஏற்றப்பட்டதையும் நாம் மறைக்கக்கூடாது. மருந்து சட்டப்படி கிடைக்காத இடத்தில் அது கள்ளச் சந்தையின் பொருளாகிறது.

எச்சரிக்கையும் ஒன்று. 2020 முதல் இங்கே கஞ்சாவுடன் பிடிபட்டவருக்குக் காவலரே 200 யூரோ அபராதம் விதிக்கலாம். விரைவாக முடிகிறது என்று முதலில் பாராட்டினார்கள். ஆனால் அந்த அபராதமும் குற்றப் பதிவேட்டில் ஏறுகிறது. மருத்துவரையோ சமூகப் பணியாளரையோ அந்த இளைஞர் சந்திப்பதே இல்லை. சிறையை அபராதமாக மாற்றிவிட்டு அதைச் சுகாதாரக் கொள்கை என்று அழைக்க உங்கள் அரசு முன்வந்தால் ஏற்காதீர்கள்.

மறுமொழி: ஒரு தந்தை, திரியோலே

செவிலியர் அம்மா, சிறையிலிருந்து வந்தபின் உள்ள ஆபத்தை இதுவரை எவரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அவன் இப்போது வெளியேதான் இருக்கிறான். அவனுக்கு முப்பத்திரண்டு வயது. மெத்தடோனுக்கு எங்கே பதிவு செய்வது, காவல்துறைக்குத் தெரியாமல் செய்ய முடியுமா என்று மட்டும் சொல்லுங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற செவிலியர், பூ பாசேன்

பதிவு செய்யக் காவல்துறையை நாட வேண்டியதில்லை, ஐயா. சுகாதார அமைச்சின் தீங்கு குறைப்புப் பிரிவை நாடுங்கள். அருகிலுள்ள அரசு சுகாதார மையத்தில் கேட்டாலும் வழிகாட்டுவார்கள். கட்டணம் இல்லை. அவர் தாமாக வந்து சேர வேண்டும். கைது எதுவும் தேவையில்லை. முதல் நாட்களில் அளவைச் சிறிது சிறிதாகத்தான் உயர்த்துவார்கள், அதனால் உடனே நிம்மதி கிடைக்கவில்லை என்று அவர் விட்டுவிட நினைக்கலாம். அந்த இரண்டு மூன்று வாரங்கள் உடன் இருங்கள். அவருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சி தொற்றுக்கான சோதனையும் செய்யச் சொல்லுங்கள். ஊசி ஏற்றியவர்களில் மிகப் பலருக்கு அது இருக்கிறது. இப்போது சுமார் பன்னிரண்டு வார மாத்திரையில் பெரும்பாலோர்க்குக் குணமாகிறது.

மறுமொழி: தமிழாசிரியை, ரோஸ் ஹில்

அனைவருக்கும் நன்றி. இந்த விவாதத்துக்குப் பின் கடிதத்தின் போக்கை மாற்றிவிட்டேன். குழுவைப் பலப்படுத்துவதா, குற்றத்தை நீக்குவதா என்று கேட்டிருந்தேன். இவ்விரண்டுக்கும் முன்னதாக, கைதாகாமலே, பெயர் வெளிவராமல் சிகிச்சை பெறும் உரிமையைச் சட்டத்தில் எழுத வேண்டும் என்பதை முதல் கோரிக்கையாக வைக்கிறேன். அந்த உரிமையை அமைச்சரவை முடிவால் நிறுத்த முடியாதவாறு செய்ய வேண்டும் என்று 2015ஐச் சுட்டிக்காட்டி எழுதுகிறேன். அதன்பின் வழக்குரைஞர் ஐயா சொன்னபடி, சொந்தப் பயன்பாட்டு வழக்குகள் அனைத்தும் குழுவிடம் செல்வதைக் கட்டாயமாக்குவதும், குற்றப் பதிவை அழிப்பதும் வரும். மருந்து வழங்கும் இடங்கள் காவல் நிலையங்களிலிருந்து விலக வேண்டும் என்பதும், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோர்க்குத் தனி மையங்கள் வேண்டும் என்பதும் தனிப் பத்தியாக இருக்கும். கடத்தல்காரர்களுக்கான தண்டனையைக் குறைக்க நாங்கள் கேட்கவில்லை என்பதையும் வெளிப்படையாக எழுதுகிறேன், ஏனெனில் திரியோலே ஐயாவைப் போன்ற பெற்றோரின் கையெழுத்து இல்லாமல் இந்தக் கடிதத்தை அனுப்ப எனக்கு விருப்பமில்லை.

வரைவை வெள்ளிக்கிழமைக்குள் இங்கே இடுகிறேன். அளவு வரம்பு பற்றிய பத்தியை வழக்குரைஞர் ஐயா பார்த்துத் திருத்தித் தர வேண்டும்; ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை நாள் பயன்பாடு என்று எழுதுவது சரியாக இருக்கும், செயற்கைப் பொருள்களுக்கு அந்த அளவை எப்படி வரையறுப்பது என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை.